செலினுக்கு அடித்த பறை

அவள் பெயர் அன்னா லான். புதுச்சேரியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் அவள் கணவர் பிரான்சுவா ஒருவர்தான். தெருவுக்கு அவள் சைகோன் மதாம். வாசலில் மீன் விற்பவளுக்கு, ஜாடிக்காரம்மா.

பிரான்சுவா சைகோன் சுங்க ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் எழுத்தராக இருந்தவர். பென்ஷன் வாங்கிக்கொண்டு 1926இல் ஊருக்குத் திரும்பினார். கப்பல் நடுக்கடலில் நின்றது. சலங்குப் படகில் ஏறி, அலையில் நனைந்து, கடற்பாலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர், சைகோன்கார மனைவி, ஐந்து வயது மகள் செலின். அன்னா லான் கையில் நீளமான ஒரு மரப்பெட்டி இருந்தது. கூலியாள் எவ்வளவு கேட்டும் அவள் அதைத் தரவில்லை.

அழைத்துப்போக வந்திருந்த அவர் தங்கை ரோசா பெட்டியைப் பார்த்தாள். இளம் வயதிலேயே புருஷனை இழந்தவள், வாய் கொஞ்சம் நீளம்.

"யாருண்ணே செத்துட்டாங்க?" என்றாள்.

"சும்மா இரு. அது வாத்தியம்."

பெட்டிக்குள் பதினாறு கம்பி கட்டிய வாத்தியம் ஒன்று படுத்திருந்தது. அன்னா லானின் தகப்பனார் வாசித்தது. தெரு அதற்குச் சைகோன் வீணை என்று பெயர் வைத்தது. அதோடு வந்தவை ஆறு நீலக் கோப்பைகள்.

சம்பா கோயில் என்கிற மாதா கோயிலுக்குத் தெற்கே இருந்த அந்த வீட்டில் அவள் முதலில் செய்த வேலை, கொல்லையில் ஒரு ஜாடியை வைத்து நெத்திலியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடியதுதான். ஆறு மாதம் கழித்து அதிலிருந்து சாறு வடிக்கும்போது நாலு வீடு தள்ளி ஜன்னலைச் சாத்தினார்கள்.

"அண்ணி ஜாடியைத் தொறந்தா சாமியாரு பூசையைப் பாதியில முடிச்சிடுவாரு" என்று ரோசா தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். ஆனால் சோற்றில் ஒரு கரண்டி விட்டுச் சாப்பிட முதலில் பழகியவளும் அவள்தான்.

அன்னா லானுக்குத் தமிழ் வரவில்லை. மடத்துப் பள்ளியில் படித்த கொஞ்சம் பிரெஞ்சு இருந்தது. அது கணவரோடு பேசப் போதும். கீரைக்காரியோடு பேச உதவாது. செலின் மூன்றே மாதத்தில் தெருப்பிள்ளைகள் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். அதிலிருந்து அம்மாவுக்கு வேண்டியதை ஊருக்குச் சொல்வதும் ஊர் சொன்னதை அம்மாவுக்குச் சொல்வதும் செலின் வேலை ஆயிற்று. கடைக்குப் போனால், கோயிலுக்குப் போனால், பல்வலிக்கு மருந்து கேட்கப் போனால், முன்னால் செலின், பின்னால் அம்மா. சாயங்காலத்தில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கம்பி மீட்டுவார்கள். செலினின் விரலுக்கு கம்பி மீட்டும் உலோக நகம் பெரிதாக இருந்ததால் அம்மா நூல் சுற்றிக் கட்டிவிடுவாள்.

1932 ஜூலைக் கடைசியில் செலினுக்கு விஷ ஜுரம் வந்தது. பத்தொன்பது நாள் கிடந்தாள். பதினொரு வயது.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி காலையில் வீடு நிறைந்துவிட்டது. பெண்கள் தமிழில் அழுதார்கள். சாமியார் லத்தீனில் ஜெபித்தார். டாக்டர் பிரான்சுவாவைத் தனியே கூப்பிட்டுப் பிரெஞ்சில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவ்வளவையும் வாங்கிச் சொல்ல வேண்டியவள் கட்டிலில் வெள்ளை உடுப்போடு படுத்திருந்தாள். அன்னா லான் அழவில்லை. கணவரின் கையைப் பிடித்து ஒரே ஒரு விஷயம் கேட்டாள். மேளம் வேண்டும்.

பிரான்சுவா தயங்கினார். சின்னப் பிள்ளை சாவுக்கு மேளம் கிடையாது. சம்மனசுகள் என்கிற தேவதூதர்களோடு போகிற குழந்தை. மணியோசை மட்டும் போதும் என்பது வழக்கம்.

"எங்க ஊர்ல மேளம் இல்லாம யாரும் போறதில்ல" என்றாள் அவள், பிரெஞ்சில். "சத்தம் முன்னால போகணும். இல்லாட்டி வழி தெரியாம நின்னுடுவா."

அவர் அரியாங்குப்பத்துக்கு ஆள் அனுப்பினார். சாமிக்கண்ணு வந்தான். ஊரில் எந்த எழவுக்கும் பறை அடிக்க வருகிறவன். கொல்லைப் பக்கம் நின்றபடி பேசினான்.

"சின்னப் புள்ளைக்கு நாங்க அடிக்கிறதில்லீங்களே. அதுக்கு அடியே கெடையாதுங்க."

"தெரியும்பா. அவ கேக்குறா. வேற எதுவும் கேக்கல."

சாமிக்கண்ணு உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு கூட்டாளிகளை அனுப்பிவிட்டுத் தான் மட்டும் நின்றான். தன் தகப்பன் வைத்திருந்த பழைய பறையை எடுத்துவரச் சொன்னான். தெருக்கோடியில் வைக்கோலைக் கொளுத்தி, தோலைக் காட்டிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்தான்.

அப்போதுதான் தெரு அந்தக் காட்சியைப் பார்த்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் சாவு வீட்டிலிருந்து எழுந்து, நீலக் கோப்பையில் காப்பி ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்தி, தெருக்கோடிவரை நடந்து போய்ப் பறையடிக்கிறவனிடம் நீட்டினாள். அவள் ஊரில் சாவுக்கு வாசிக்க வருகிறவரை நடுக்கூடத்தில் பாய் போட்டு உட்காரவைத்துத்தான் தேநீர் கொடுப்பார்கள். இங்கே வேறு மாதிரி என்று அவளுக்கு யார் சொல்வது? சொல்லக்கூடிய ஒருத்தி இல்லை.

சாமிக்கண்ணு இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு கோப்பையை வாங்கிக் குடித்தான். ரோசா அந்தக் கோப்பையைக் கழுவிக் கொல்லை மதில்மேல் கவிழ்த்து வைத்தாள். அது சமையலறைக்குத் திரும்பவே இல்லை.

ஊர்வலம் புறப்பட்டது. சாமிக்கண்ணு அடித்த அடியை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. இரண்டு மெல்லிய அடி, ஒரு நிறுத்தம். பிறகு ஒற்றை அடி, நீண்ட நிறுத்தம். நடந்து களைத்த பிள்ளை நின்று நின்று போவது போல. கோயில் தெரு முனையில் வழக்கப்படி பறை நின்றது. அன்னா லான் அங்கேதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். அன்றைக்குக் காலையிலிருந்து கேட்டவற்றில் அவளுக்குப் புரிந்தது அந்த அடி ஒன்றுதான்.

முப்பது நாள் கழித்துச் சாமிக்கண்ணு கோணியில் சுற்றிய பறையோடு கொல்லைக் கதவைத் தட்டினான்.

"இத வேற எழவுக்கு எடுக்க மனசு வரலீங்கம்மா. நீங்களே வெச்சிக்கங்க."

ரோசாவின் உதவி இல்லாமலே அவளுக்கு அது விளங்கியது. செலின் மீட்டிய வாத்தியத்தைக் கூடத்து மேஜையில் வைத்திருந்தாள். அதற்கு நேர்மேலே சுவரில் ஆணி அடித்துப் பறையை மாட்டினாள். காட்சிசாலை ஆரம்பித்தது இப்படித்தான். அன்று அவளுக்கே அது தெரியாது.

பெயர் வைத்தவர் தேவதாஸ். முனிசிபல் பேண்டில் கொர்னெத் என்கிற ஊதுகருவியை முப்பது வருஷம் ஊதியவர். துக்கம் விசாரிக்க வந்தவர் மேஜையையும் சுவரையும் பார்த்தார்.

"முசே பிரான்சுவா, உம்ம வீடு மியூசே மாதிரி ஆயிடுச்சே" என்றார்.

அடுத்த வாரம் தன் கொர்னெத்தையே கொண்டு வந்தார். முன்பல் இரண்டு விழுந்துவிட்டதால் அவரால் ஊத முடியவில்லை. வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். செத்துப்போன நாயனக்காரரின் மனைவி தனக்கொடி அவருடைய நாயனத்தைக் கொடுத்தாள். பறை இருக்கும் சுவரில் வேண்டாம், எதிர்ச்சுவரில் வையுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். நாடகக் கம்பெனி விட்டுப்போன ஆர்மோனியம் வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை மணிக்குப் பதிலாகச் சுழற்றுகிற மரக்கட்டை கோயில் பண்ட அறையிலிருந்து வந்தது. ஐந்தாறு வருஷத்தில் முப்பத்தொன்று சேர்ந்தது. ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை. பிரான்சுவாவின் உருட்டு எழுத்தில் பிரெஞ்சில், ரோசாவின் கோணல் எழுத்தில் தமிழில். கொடுத்தவர் பெயர், ஊர், கடைசியாக எதற்கு வாசிக்கப்பட்டது.

பறையின் அட்டையில் இப்படி இருந்தது: "சாமிக்கண்ணு, அரியாங்குப்பம். செலினுக்கு அடித்தது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூடத்தைத் திறப்பாள். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லா வாத்தியமும் ஒருமுறையாவது சத்தம் கொடுத்தாக வேண்டும். வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்கலாம். தெரியாதவர் தட்டினாலும் போதும். "சும்மா தொங்கினா செத்துப் போயிடும்" என்பாள். அதற்குள் தமிழ் வந்துவிட்டது. ரோசாவின் வாயிலிருந்து கற்ற தமிழ் ஆதலால் கொஞ்சம் காரமாகவே வந்தது.

ஆகஸ்ட் பன்னிரண்டில் சாமிக்கண்ணு வருவான். கொல்லை வழியாக வந்து, வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, கொல்லையிலேயே நின்று அந்த அடியை ஒருமுறை அடிப்பான். அவள் ஜாடிக்குப் பக்கத்தில் நின்று கேட்பாள். ஒவ்வொரு வருஷமும் இதே பேச்சு நடக்கும்.

"முன்வாசல் வழியா வாங்க. கூடத்துல நின்னு அடிங்க."

"இருக்கட்டும்மா. இந்தப் பக்கந்தான் காத்தா இருக்குது."

தெரு அவனை வா, போ என்றது. அவள் மட்டும் வாங்க என்பாள். பாஷை தெரியாமல் சொல்கிறாள் என்று ஆரம்பத்தில் சிரித்தார்கள். தெரிந்த பிறகும் மாற்றவில்லை. ஆனால் தமிழோடு சேர்த்து இன்னொன்றையும் அவள் கற்றுக்கொண்டிருந்தாள். யார் எந்த வாசல் வழியாக வருவது, யார் எந்தக் கிணற்றில் இறைப்பது, நீலக் கோப்பை ஏன் மதில்மேலேயே இருக்கிறது. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ரசத்துக்கு உப்பு எவ்வளவு என்பது போலப் பழக்கத்தில் வந்து சேர்ந்தது.

1938 ஜனவரியில் தேவதாஸ் ஒரு செய்தியோடு வந்தார். கல்வி அதிகாரியான பிரெஞ்சுக்காரர் ஒருவர் காட்சிசாலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். நேரில் பார்த்து, பிடித்திருந்தால், புத்தகசாலைக்குப் பக்கத்தில் நல்ல அறை ஒன்று ஒதுக்குவார். நிரந்தரமாக. வாசலில் பெயர்ப்பலகை.

"என்ன பேரு?" என்றாள் அன்னா லான்.

"நீங்க சொல்ற பேருதான் மதாம்."

அவள் யோசிக்கவில்லை. "செலின் கூடம்."

அன்றிரவு சாப்பிடும்போது பிரான்சுவா அந்தப் பெயரை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கல்லறையில் எழுதியதைத் தவிர அந்தப் பெயரை வேறு எங்கும் யாரும் எழுதப்போவதில்லை என்று இரண்டு பேரும் ஆறு வருஷமாக நம்பியிருந்தார்கள்.

அதிகாரி பிப்ரவரி பதிமூன்றாம் தேதி, ஞாயிறு வருவதாக முடிவாயிற்று. அன்னா லான் ஆள் தள்ளுகிற பூஸ்பூஸ் வண்டியில் ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பம் போனாள். சாமிக்கண்ணு வீட்டு முற்றத்தில் நின்றாள்.

"பதிமூணாந் தேதி வாங்க. வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வாங்க. அதிகாரி வர்றாரு."

"அங்க நாங்க எதுக்கும்மா?"

"அது உங்க மேளம். நீங்கதான் அடிக்கணும். முன்வாசல் வழியா வாங்க. கொல்லைப்பக்கம் வந்தீங்கன்னா கதவைத் தொறக்கவே மாட்டேன்."

சாமிக்கண்ணுவின் மனைவி கன்னியம்மாள் சிரித்துவிட்டாள். "இவ்வளவு தூரம் வந்து கூப்பிடுறாங்க. போயிட்டுத்தான் வருவமே. என்னா, முழுங்கியா போடப் போறாங்க?"

"சரிம்மா" என்றான் சாமிக்கண்ணு.

பதிமூன்றாம் தேதி காலை பூசை முடிந்து வந்ததும் தேவதாஸ் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். சட்டைப் பித்தான்கள் மின்னின. பித்தளையெல்லாம் புளி போட்டுத் துலக்கியாகிவிட்டது. அவர் பறைக்கு எதிரில் வந்து நின்றார்.

"இது இன்னைக்கு இங்கயே இருக்குமா?"

"எப்பவும் அங்கதான் இருக்குது" என்றாள் அன்னா லான்.

"அதுக்கில்ல மதாம். ஞாயித்துக்கெழமை நாலு பேரு வந்து பாக்குறது வேற. இன்னைக்கு ஊர்ப் பெரியவங்க எல்லாம் வர்றாங்க. உள்ள நுழைஞ்சதும் மொத மொதல்ல சாவு மேளமா? தனக்கொடியம்மா நாயனத்தைத் திருப்பிக் கேட்டாலும் கேப்பாங்க. எதுக்கு வம்பு? அதிகாரி போற வரைக்கும் உள்ள வெச்சிடுங்க. அப்புறம் மாட்டிக்கங்க."

"முடியாது."

"ஒரு மணி நேரம் மதாம்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் அட்டைகளை நேராக்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே பேசினார்.

"ஒரு மணி நேரந்தான், லான். செலின் பேரு வரணும்."

ரோசாவும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போதும் எதிர்த்துப் பேசுகிறவள் அன்று எதிராகவும் பேசவில்லை, சார்பாகவும் பேசவில்லை. "அவங்க வருவாங்கன்னு சொன்னீங்களே அண்ணி" என்று மட்டும் கேட்டாள்.

"கொல்லைப்பக்கந்தான் வருவாங்க" என்றாள் அன்னா லான். "எப்பவும் அப்படித்தானே. வந்தா அங்க நான் சொல்லிக்கிறேன்."

பறையைக் கழற்ற தேவதாஸ் கையைத் தூக்கவில்லை. பிரான்சுவாவும் அட்டையைவிட்டு நகரவில்லை. அதைத் தொடுவதற்கு அந்த வீட்டில் ஆள் இல்லை. அவளே முக்காலி போட்டு ஏறிக் கழற்றினாள். கொல்லையில் விறகுக் கொட்டாய் இருந்தது. ஜாடிக்குப் பக்கத்தில், விறகின்மேல் சாய்த்து வைத்து, கோணியால் மூடினாள். அவசரத்தில் அட்டையை எடுக்க மறந்துவிட்டாள்.

அதிகாரி பத்து மணிக்கு வந்தார். மெலிந்த, நல்ல மனிதர். ஒவ்வொன்றின் முன்னும் நின்று பார்த்தார். அவர் கேட்பதையும் அவள் சொல்வதையும் பிரான்சுவா வாசலில் நின்ற கூட்டத்துக்குத் தமிழில் உரக்கச் சொன்னார். அதில் அவருக்குப் பெருமை. தேவதாஸின் கொர்னெத்தை அதிகாரி கையில் வாங்கிப் பார்த்தார். தேவதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

அப்போது முன்வாசலில் கூட்டம் கொஞ்சம் விலகியது. இடம் கொடுக்க விலகவில்லை. மேலே பட்டுவிடாமல் விலகியது. சாமிக்கண்ணு வெளுத்த வேட்டியும் தோளில் துண்டுமாக வாசற்படிக்குக் கீழே நின்றான். பக்கத்தில் கன்னியம்மாள், மஞ்சள் சேலையில், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. ஆறு வருஷமாகச் சொன்னதை அன்றைக்கு நம்பி வந்திருந்தார்கள்.

அன்னா லான் பார்த்துவிட்டாள். அதே நேரம் அதிகாரி மேஜையருகே வந்து, மேலே காலியாக இருந்த ஆணியைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கீழே இருந்த அட்டையைப் படித்தார்.

"செலினுக்கு அடித்தது. எங்கே இது?"

உள்ளே இருக்கிறது, இதோ கொண்டு வருகிறேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். கொல்லைக்கு முப்பதடி தூரம். அதற்குப் பதிலாக, பிரெஞ்சில், தணிந்த குரலில் ஒரு பதில் சொன்னாள். அந்தப் பாஷையில் சொன்னால் வாசலுக்குக் கேட்காது என்று நினைத்திருக்க வேண்டும்.

காலையிலிருந்து ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்துப் பழகிவிட்ட பிரான்சுவா, வாசலைப் பார்க்காமல் உரக்கச் சொன்னார்.

"பறைக்குப் புதுத்தோல் கட்டக் குடுத்திருக்குதாம்."

யாரிடம்? புதுச்சேரியில் பறைக்குத் தோல் கட்டுகிறவன் வாசலில்தான் நின்றான். அதிகாரி தலையசைத்துவிட்டு ஆர்மோனியத்துக்கு நகர்ந்தார்.

அவர் வண்டியேறிப் போனதும் அன்னா லான் கொல்லைக்கு ஓடினாள். அவர்கள் இருவரும் வீட்டைச் சுற்றி அங்கே வந்திருந்தார்கள். சாமிக்கண்ணு கோணியை விலக்கிப் பறையைக் கையில் எடுத்திருந்தான். ஜாடியின் ஈரம் பட்டுத் தோலின் ஓரம் ஊறியிருந்தது. விரலால் சுண்டினான். சத்தம் எழும்பவில்லை.

"நான் உங்களைக் கூப்பிட்டு…" என்றாள். அதற்கு மேல் எந்தப் பாஷையிலும் வரவில்லை.

"தோல் கட்டணும்னு சொன்னீங்களாமே" என்றான் சாமிக்கண்ணு. குரலில் கோபம் இல்லை. வேலைக்கு வந்தவன் பேசுகிற குரல். "எடுத்துட்டுப் போயிக் கட்டுறேம்மா."

"எப்பக் கொண்டு வருவீங்க?"

"தோலு காயணுமில்ல?"

கன்னியம்மாள் வாழைப்பழச் சீப்பை விறகின்மேல் வைத்தாள். "மாமா, அந்தக் கோணி அவங்களுது. வெச்சிட்டு வா" என்றாள். அவள் அன்னா லானிடம் பேசவே இல்லை.

மார்ச் போயிற்று, ஏப்ரல் போயிற்று. முதல் ஞாயிறுகளில் மற்ற வாத்தியங்கள் சத்தம் கொடுத்தன. பார்க்க வந்தவர்கள் காலி ஆணியைக் காட்டிக் கேட்டால் அவள் அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே போய்விடுவாள்.

மே மாதம் கடிதம் வந்தது. அறை கிடைத்துவிட்டது. 'செலின் கூடம்' என்ற பெயருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆகஸ்ட் மாதத்துக்குள் பொருள்களின் பட்டியலை எழுதி அனுப்ப வேண்டும். பிரான்சுவா அன்றே காகிதத்தில் கோடு போட்டு உட்கார்ந்தார்.

"முதல்ல எதை எழுத?"

"பறை" என்றாள். "அதுதான் முதல்ல வந்தது."

"அதுதான் இல்லியே."

"கொண்டு வர்றேன்."

மறுபடி ஆற்றைத் தாண்டினாள். சாமிக்கண்ணு வீட்டில் இருந்தான். அவளை உட்காரச் சொல்லிப் பாய் போட்டான். கன்னியம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். வைத்துவிட்டுக் கதவோரம் நின்று அவளையே பார்த்தாள். அன்னா லான் செம்பைத் தூக்கி முழுவதையும் குடித்தாள்.

பறை உள்சுவரில் உயரத்தில் தொங்கியது. புதுத்தோல், வெளுத்து, இறுக்கமாக.

"காஞ்சிடுச்சே" என்றாள்.

"காஞ்சிடுச்சும்மா."

"நான் பொய் சொன்னேன். அன்னைக்கு. பயந்துட்டேன்."

"தெரியும்மா. நீங்க நல்லவங்க. எங்களுக்குத் தெரியாதா?" சாமிக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீங்க ஊருக்குப் புதுசா இருந்தப்ப எங்களுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. இப்பப் பழகிட்டீங்க."

கன்னியம்மாள் கதவோரத்திலிருந்து பேசினாள். "ஆறு வருசம் இவரு கொல்லப்பக்கமா வந்தாரு. அங்க ஒரு அவமானமும் இல்ல. வா வான்னு முன்னால கூப்பிட்டது நீங்கதானே?"

"ஆமா."

"அப்புறம் என்னாத்துக்கு?"

அன்னா லான் பட்டியலைப் பற்றியோ அறையைப் பற்றியோ பேச்செடுக்கவில்லை.

"பன்னெண்டாந் தேதி…" என்றாள். "மேளம் இங்கயே இருக்கட்டும். நீங்க மட்டும் வந்து, வேற எதுலயாவது, ஒரு தடவை அடிச்சிட்டுப் போங்க."

சாமிக்கண்ணு தலையைச் சொறிந்தான். "அந்த அடி மறந்து போச்சும்மா" என்றான்.

கன்னியம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வேற எதுனா எழவுன்னா சொல்லி அனுப்புங்க. கட்டாயம் வர்றேன். அது எங்க வேலை."

வீட்டுக்குத் திரும்பி மேஜையருகே உட்கார்ந்து, விரலால் மரத்தில் தட்டிப் பார்த்தாள். இரண்டு மெல்லிய அடி, ஒரு நிறுத்தம். பிறகு ஒற்றை அடி. அந்த நிறுத்தம் எவ்வளவு நீளம் என்று பிடிபடவில்லை. நீட்டினால் நின்றுவிட்டது போல இருந்தது. குறைத்தால் ஓடுவது போல இருந்தது. செலின் அப்படி ஓடக்கூடிய நிலையில் இல்லை. ரோசா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஈரக்கையோடு வந்து அண்ணியின் விரல்களைப் பிடித்து நிறுத்தினாள்.

பட்டியலில் மற்ற முப்பதையும் பிரான்சுவா எழுதி முடித்தார். முதல் வரியை மட்டும் காலியாக விட்டிருந்தார். பறை இல்லாமல் அதை அனுப்ப அன்னா லான் விடவில்லை. அவர் சண்டை போட்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. "பேரு போயிடும், லான்" என்று கெஞ்சினார். தேவதாஸ் வந்து கோபித்துக்கொண்டு போனார். போகும்போது கொர்னெத்தை எடுத்துப்போக நினைத்து, பிறகு விட்டுவிட்டுப் போனார். ஆகஸ்ட் பிறந்தது. அறையில் பழைய வரைபடங்களை அடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது.

அவள் அட்டையை மாற்றி எழுதச் சொன்னாள். பிரான்சுவா மறுத்துவிட்டார். ரோசாதான் எழுதினாள், தமிழில் மட்டும். "இங்கே செலினுக்கு அடித்த பறை இருந்தது. அரியாங்குப்பம் சாமிக்கண்ணு கொடுத்தது. எடுத்து விறகுக் கொட்டாயில் வைத்தவள் நான். அன்னா லான்." ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் படித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் தனக்கொடி நாயனத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். சாமிக்கண்ணுவுக்குப் படிக்கத் தெரியாது.

அந்த வருஷம் ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி காலையில் அவள் முன்கதவின் இரண்டு பலகையையும் திறந்து வைத்தாள். வாசற்படியின் மேல், உள்பக்கமாக, ஒரு கட்டு வைக்கோலை வைத்தாள். தோல் காய்ச்ச ஒரு கை போதும். அவள் ஒரு கட்டு வாங்கியிருந்தாள். பக்கத்தில் மதில்மேலிருந்து எடுத்துக் கழுவிய நீலக் கோப்பை. அது கிடந்த இடத்தில் ஆறு வருஷத்து வட்டம் ஒன்று மதிலில் வெளுத்துத் தெரிந்தது.

மத்தியானம்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் போனவர்கள் வைக்கோலைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்கள். பிரான்சுவா கல்லறைக்குத் தனியாகப் போய்வந்தார்.

அடுத்த வருஷமும் கதவு திறந்திருந்தது, வைக்கோலும் இருந்தது. சாயங்காலம் பால்காரர் மாட்டைக் கறக்க ஓட்டிவந்தார். மாடு வாசற்படிப் பக்கம் கழுத்தை நீட்டியது.

ரோசா குனிந்து வைக்கோல் கட்டை எடுக்கப் போனாள்.

"மாட்டுக்குப் போட்டுடட்டுமா, அண்ணி? நேரமாயிடுச்சு."

அன்னா லான் தெருமுனையைப் பார்த்தாள். அந்தப் பக்கந்தான் அரியாங்குப்பம் சாலை.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றாள்.

ரோசா பால்காரரிடம் மாட்டின் கயிற்றைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னாள்.